கோலாலம்பூர் – சென்னை எத்தனை மணி நேரம்? விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்குப் போடும் முழு வழிகாட்டி

பினாங்கிலிருந்து மாமா போன் பண்ணினார். கையில் டிக்கெட் இருந்திருக்க வேண்டும். "தம்பி, கே.எல்.ல ராத்திரி பத்து மணிக்கு ஏறுறோம், மெட்ராஸ்ல பதினொன்றரைக்கு எறங்குறோம்னு போட்டிருக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு எதுக்குப்பா சாப்பாட்டுக்குக் காசு கட்டுன?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் வாசித்ததில் தப்பு எதுவும் இல்லை. டிக்கெட் அப்படித்தான் சொல்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடுதான் குடும்பத்துக்கு 'டிக்கெட் ஆபீஸ்'. அத்தை, சின்னம்மா, தம்பி மச்சான் என்று யார் ஊருக்குப் போனாலும் தேதி பார்ப்பது, நேரம் பார்ப்பது, ஏற்றிவிடுவது எல்லாம் என் வேலை. இத்தனை வருஷத்தில் கண்டுகொண்டது ஒன்று. "எவ்வளவு நேரம்?" என்று கேட்பவர்கள் நாலு வெவ்வேறு கேள்விகளை ஒரே வாக்கியத்தில் கேட்கிறார்கள். பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர்? வானத்தில் எத்தனை மணி நேரம்? டிக்கெட்டில் என்ன நேரம்? வீட்டு வாசலில் செருப்பைப் போட்டதிலிருந்து அங்கே பெரியப்பா வீட்டில் அதைக் கழற்றும் வரை எவ்வளவு? நாலுக்கும் பதில் வேறு வேறு. ஒன்றைக் கேட்டு இன்னொன்றின் பதிலை வாங்கிக்கொண்டால், மாமா மாதிரி சாப்பாட்டை ரத்து செய்யத் தோன்றும்.

ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவோம். ஒரு கால்குலேட்டரும் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றமும் போதும்.

முதல் படி: எந்த விமான நிலையம், எந்த முனையம்

ஊர்ப் பெயரை வைத்துத் தூரம் தேடாதீர்கள். நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். கோலாலம்பூர் என்றால் கே-யூ-எல், அதாவது சிப்பாங்கில் இருக்கும் கே.எல்.ஐ.ஏ. 1998-இல் அது திறக்கும் வரை நம் பன்னாட்டு விமான நிலையம் சுபாங்தான். இன்றைக்கும் சுபாங் இயங்குகிறது, ஆனால் அதன் குறியீடு எஸ்-இஸட்-பி. இரண்டையும் குழப்பினால் கணக்கு மட்டுமில்லை, விமானமும் போய்விடும். பினாங்குக்கு பி-இ-என், பாயான் லெப்பாஸ். சென்னைக்கு எம்-ஏ-ஏ, ஊர்ப் பெயர் மாறியும் குறியீட்டில் மெட்ராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமாவும் அப்படித்தான். திருச்சி டி-ஆர்-இஸட், மதுரை ஐ-எக்ஸ்-எம், கோவை சி-ஜே-பி.

முனையத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கே.எல்.ஐ.ஏ.வில் முனையம் 1, முனையம் 2 என்று இரண்டு உண்டு. இரண்டாவது 2014 மே மாதம் திறந்தது. பழைய ஆட்கள் அதை இன்னும் 'கே.எல்.ஐ.ஏ. டூ' என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்று நிமிடம்தான். ஆனால் பெட்டிகளோடு ஒன்றில் இறங்கி, லிஃப்ட் தேடி, ரயிலுக்குக் காத்திருந்து, மற்றதில் ஏறி வருவதற்குள் அரை மணி நேரம் பறந்துவிடும். வயதானவர்களோடு போனால் இன்னும் கூடும்.

இரண்டாம் படி: நேர்க்கோட்டுத் தூரம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. கைப்பேசி வரைபடத்தில் ஓடுபாதை மேல் விரலை வைத்து அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். கே.எல்.ஐ.ஏ.வுக்கு வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. சென்னைக்கு வடக்கு 12.99, கிழக்கு 80.17.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சலுகை உண்டு. இங்கிருந்து தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் போகும் தூரத்துக்குப் பூமியின் வளைவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். செங்கோண முக்கோணம் வரைந்து கணக்கை முடித்துவிடலாம்.

வடக்கு–தெற்கு வித்தியாசம்: 12.99-இல் 2.75 போக 10.24 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 1,139 கி.மீ.

கிழக்கு–மேற்கு வித்தியாசம்: 101.71-இல் 80.17 போக 21.54 பாகை. இதையும் 111.2 ஆல் பெருக்கினால் 2,395. ஆனால் வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கிவரும். அதனால் நடு அட்சரேகையின் கோசைனால் இன்னொரு முறை பெருக்க வேண்டும். 2.75-க்கும் 12.99-க்கும் நடு 7.87 பாகை, அதன் கோசைன் 0.9906. ஆக 2,373 கி.மீ.

இப்போது பிதாகரஸ். 1,139-ஐயும் 2,373-ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,632 கி.மீ. கோள முக்கோணவியல் சூத்திரத்தைப் போட்டு முறையாகக் கணக்கிட்டால் சுமார் 2,629 வருகிறது. 3 கி.மீ.தான் வித்தியாசம், கே.எல்.ஐ.ஏ.வின் ஓடுபாதை ஒன்றே ஏறக்குறைய 4 கி.மீ. நீளம்.

இந்தக் குறுக்குவழி லண்டனுக்குப் பலிக்காது. ஹீத்ரோவுக்கு இதே கணக்கைப் போட்டால் 11,470 கி.மீ. பக்கம் காட்டும். உண்மையான தூரம் 10,600 சொச்சம்தான். அவ்வளவு தொலைவுக்குப் பூமியின் வளைவு தன் வேலையைக் காட்டிவிடும். அங்கே கோளச் சூத்திரம்தான் வேண்டும். கால்குலேட்டரைப் பாகைக் கணக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள். பிறகு இரண்டு அட்சரேகைகளின் கோசைனையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு எதிர்க்கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். அதை 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். சென்னைக்குப் போட்டுப் பார்த்தால் கோணம் 23.64 பாகை. அதையே 60 ஆல் பெருக்கினால் 1,418, அது கடல்மைல். விமானிகள் பேசுவது இந்தக் கணக்கில்தான். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. 'நாட்' என்று அவர்கள் சொல்லும் வேகம் மணிக்கு ஒரு கடல்மைல்.

இதே கையோடு நான் போட்டுவைத்த மற்ற தூரங்கள்: கோலாலம்பூர்–திருச்சி 2,690 கி.மீ., கோலாலம்பூர்–கொழும்பு 2,467, பினாங்கு–சென்னை 2,365, கோலாலம்பூர்–பினாங்கு 325, கோலாலம்பூர்–சிங்கப்பூர் 297.

திருச்சியைக் கவனித்தீர்களா? "திருச்சி தெற்கே இருக்கு, நமக்குக் கிட்ட" என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் சென்னையைவிட 60 கி.மீ. தூரம் கூட. தெற்கே இருப்பது சரிதான், ஆனால் அது மேற்கேயும் தள்ளி இருக்கிறது. இதைச் சொன்னபோது திருச்சிக்காரி என் அத்தை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வரைபடத்தில் இந்தக் கோடு எங்கே போகிறது

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் வட நுனியில் பண்டா ஆச்சேக்குச் சற்று மேலே உரசி, கிரேட் நிக்கோபாரின் தென்முனையை ஒட்டிக்கொண்டு வங்கக் கடலைக் கடக்கும். ஆச்சேயும் நிக்கோபாரும் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இலாமுரி தேசம், மாநக்கவாரம் என்று வருகின்றன. கடைசியில் கடாரம், நம் கெடா. ஆயிரம் வருஷம் முன்னால் மரக்கலம் ஓடிய அதே வரிசையைத்தான் இன்று இருக்கைத் திரையில் ஒரு சின்ன விமானப் பொம்மை எதிர்த்திசையில் ஊர்ந்து கடக்கிறது. என் தாத்தா காலத்தில் ரஜூலா கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கில் இறங்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம். அவர் இருந்திருந்தால் நாலு மணி நேரத்துக்கு நாம் அலுத்துக்கொள்வதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ.

ஆனால் விமானம் இந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போகாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பார்த்துத்தான் ஓடுபாதையில் கிளம்பும் திசை. மேலே போனதும் நிர்ணயித்த வான்வழிகளைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் இடிமேகங்கள் கோட்டை மாதிரி நிற்கும், அதைச் சுற்றிப் போக வேண்டும். இறங்கும் இடத்தில் நெரிசல் என்றால் வட்டமடிக்கச் சொல்வார்கள். இவ்வளவுக்கும் சேர்த்து நேர்க்கோட்டுத் தூரத்தோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை கூட்டிக்கொள்வது என் பழக்கம்.

மூன்றாம் படி: தூரத்தை மணி நேரமாக்குதல்

இந்த வழித்தடங்களில் பெரும்பாலும் பறப்பவை ஏர்பஸ் ஏ320 வகையும் போயிங் 737 வகையும். உயரத்தில் ஏறியபின் இவற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கு. மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக 2,629-ஐ 830 ஆல் வகுத்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. எழுந்தவுடன் அந்த வேகம் வருவதில்லை. பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட்தான் பொதுவான வரம்பு, அதாவது மணிக்கு 460 கி.மீ. சொச்சம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து நேரம் தின்னும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வருவதும் தனி.

ஆகவே என் வாய்பாடு: சுற்றிப் போகும் அந்தக் கூடுதல் தூரத்துக்கும் சேர்த்து 830-ஐ 800 ஆக்கிக்கொள், நேர்க்கோட்டுத் தூரத்தை அதனால் வகு, அரை மணி நேரம் கூட்டு. சென்னைக்கு 3 மணி 17 நிமிடம், அதோடு அரை மணி, ஆக 3 மணி 47 நிமிடம். டிக்கெட்டில் நாலு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். திருச்சிக்கு 3 மணி 52. கொழும்புக்கு 3 மணி 35. பினாங்கிலிருந்து நேரே சென்னைக்கு 3 மணி 27. கோலாலம்பூர்–பினாங்குக்கு 54 நிமிடம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் பயண நேரம் சொல்லும் இணையக் கருவிகளில் பலவும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஈப்போ–மதுரை என்று போட்டால் 2,600 கி.மீ., மூணே முக்கால் மணி நேரம் என்று பளிச்சென்று விடை வரும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் ஓடுகிறதா என்று அந்தக் கருவி யோசிப்பதில்லை. அளவுகோலை வைத்து அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். விமானம் இருக்கிறதா என்று டிக்கெட் தளத்தில் பார்ப்பது நம் வேலை.

விமானத்தின் வகையும் கணக்கை மாற்றும். சுபாங்கிலிருந்து பினாங்குக்கு 280 கி.மீ. பக்கம். சிப்பாங்கிலிருந்து போவதைவிட 45 கி.மீ. குறைவு. ஆனால் சுழலி வைத்த ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறினால் அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். கடைசியில் இரண்டும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே வந்து நிற்கும்.

நான்காம் படி: காற்று

இதைப் பற்றி நிறையப் பேர் தப்பாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "மேற்கே போனா எதிர்காற்று, நேரம் கூடும், கிழக்கே வந்தா பின்காற்று, சீக்கிரம் வந்துடலாம்" என்பார்கள். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அது பெரும்பாலும் சரி. நம் வழித்தடத்தில் அது வருஷத்தில் நாலு மாதம் தலைகீழ்.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நமக்குத் தெரியும். தரையில் அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் அதே ஆடி மாதத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதால் அதன் மேலே பெரிய உயர் அழுத்தச் சுழல் ஒன்று உருவாகும். அதன் தென்புற விளிம்பில், ஏறக்குறைய சென்னை அட்சரேகையை ஒட்டி, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடும் இந்த ஆற்றுக்கு வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்று பெயர். 1950-களில் இதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் நடு நீரோட்டம் 14, 15 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், நம் விமானம் பறக்கும் உயரத்திலும் அதன் இழுப்பு உண்டு.

ஆகவே ஆடி மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பி வரும்போது நெஞ்சில் மோதும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்கு. காற்று மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 830-உடன் 50 கூட்டி 880. 2,629-ஐ அதனால் வகுத்தால் 2 மணி 59 நிமிடம். வரும்போது 780, 3 மணி 22 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 23 நிமிடம் வித்தியாசம். காற்று 100 கி.மீ. ஆனால் வித்தியாசம் முக்கால் மணி நேரத்தைத் தொடும். நேர் பின்னாலிருந்து வீசினால்தான் இவ்வளவும். சாய்வாக வந்தால் ஒரு பங்குதான் கணக்கில் சேரும்.

தை, மாசியில் நம் வழியில் மேல்காற்று பெரிதாக இருக்காது. அப்போது பலத்த மேலைக் காற்று வட இந்தியாவுக்கு மேலே ஓடும். டெல்லியிலிருந்து வருபவர்களுக்கு அது லாபம், சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அதில் பங்கு குறைவு.

ஐந்தாம் படி: கடிகாரம்

மாமாவின் ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால், இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால். நடுவே இரண்டரை மணி. இலங்கைக்கும் இதே வித்தியாசம்தான்.

பத்து மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரம் பறந்தால் மலேசியாவில் விடியற்காலை இரண்டு. அதில் இரண்டரை மணி கழித்தால் சென்னையில் இரவு பதினொன்றரை. கடிகாரம் ஒன்றரை மணிதான் நகர்ந்திருக்கிறது, வயிறு நாலு மணி நேரம் காத்திருக்கிறது. திரும்பி வரும்போது கடிகாரம் ஆறரை மணி நேரம் காட்டும்.

கால வலயம் எதுவும் தெரியாமலே உண்மையான பறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வித்தை இருக்கிறது. போகும் டிக்கெட்டில் இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை. வரும் டிக்கெட்டில் ஆறரை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: நாலு. அதுதான் பயண நேரம். பெரியதில் சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: இரண்டரை. அதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம். துபாய், லண்டன், மெல்பர்ன், எந்த ஊருக்கும் செய்து பார்க்கலாம். காற்றினால் போகவரச் சில நிமிடம் முன்பின் இருந்தால் விடையும் சில நிமிடம் நகரும், அவ்வளவுதான்.

பழைய ஆட்கள் "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்றால் அவர்களைத் திருத்த வேண்டாம், அவர்கள் சொல்வது 1981 வரை சரி. 1982 ஜனவரி 1 அன்றுதான் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் உண்மையான வித்தியாசம் 86 நிமிடம்தான். அதனால்தான் நமக்கு ஏழு மணிக்கு மேல் விடிகிறது. சென்னைக் காலண்டரைச் சுவரில் மாட்டி, திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று விமான நிலையத்துக்குக் கிளம்ப மறுக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அது காலை ஆறு மணிக்கு விடியும் என்ற கணக்கில் போட்டது ஐயா. இங்கே அது எட்டரைக்கு மேல்தான் தொடங்கும்.

நள்ளிரவுக் கண்ணி

இது நான் பட்ட அவதி. தங்கை குடும்பம் திருமணத்துக்குப் போயிருந்தது. திரும்பும் டிக்கெட் 15-ஆம் தேதி, 00:15. நான்தான் போட்டுக் கொடுத்தேன், நான்தான் "பதினைந்தாம் தேதி ராத்திரி பிளைட்" என்று வாயால் சொன்னேன். அவர்கள் 15-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனார்கள். விமானம் இருபத்தொரு மணி நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. நாலு டிக்கெட், ஒரு சிங்கிள் ரிங்கிட்கூடத் திரும்பி வரவில்லை.

00:15 என்றால் 15-ஆம் தேதி பிறந்த பதினைந்தாவது நிமிடம். வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை நாலு வரை கிளம்பும் எந்த டிக்கெட்டுக்கும் இப்போது நான் தாளில் எழுதிக் கொடுப்பது புறப்படும் நேரத்தை இல்லை. 'செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பு' என்று கிழமையோடு. இறங்கும் நேரத்தின் பக்கத்தில் '+1' என்று சின்னதாகப் போட்டிருந்தால் மறுநாள் என்று பொருள். அழைத்துப் போக வருபவருக்கு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: டிக்கெட் நேரம் ஏன் கூடுதலாக இருக்கிறது

டிக்கெட்டில் இருப்பது சக்கரம் தரையைவிட்டுத் தரையைத் தொடும் நேரம் இல்லை. புறப்படும் வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேரும் வாயிலில் போய் நிற்கும் வரை. கே.எல்.ஐ.ஏ.வில் மூன்று ஓடுபாதைகள். எந்த முனையத்திலிருந்து எந்த ஓடுபாதைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஊர்ந்து போவதே கால் மணி நேரம் ஆகலாம். இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே எழுதிக்கொள்ளும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'நேரத்துக்கு வந்தது' என்ற கணக்கு. "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்புக் கேட்டால் விமானி விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம்.

உண்மையான நேரம் வேண்டுமானால் விமான எண்ணை வைத்து, நேரடியாகப் பின்தொடரும் தளத்தில் கடந்த ஒரு வாரத்துக்கு அது எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள். ஏழு நாள் போதும். தினமும் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பும் விமானத்துக்கு நீங்கள் ஏறும் நாளில் மட்டும் ஞானம் பிறக்காது.

ஏழாம் படி: வாசலிலிருந்து வாசலுக்கு

கடைசியில் வாழ்க்கைக்கு வேண்டியது இந்த எண்தான். முதலில் கோலாலம்பூர்–பினாங்கு. பறப்பது ஒரு மணி நேரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கே.எல். சென்ட்ரல் நடை தூரம். அங்கிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் முனையம் 1-க்கு 28 நிமிடம், முனையம் 2-க்கு 33. ரயிலுக்குக் காத்திருப்பதோடு ஒரு மணி. உள்ளே ஒன்றரை மணி. பாயான் லெப்பாஸில் இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, ஜார்ஜ் டவுன் போக முக்கால் மணி. கூட்டினால் நாலே முக்கால் மணி. பட்டர்வொர்த் வரை மின்ரயிலும் நாலு மணி நேரம் சொச்சம்தான், அதில் கால் நீட்டித் தூங்கலாம். தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் வீடு இருப்பவர் விமானத்தில் போய்த் தீவில் இறங்கி, பாலத்தில் நெரிசலில் நின்று திரும்பி வருவது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு நெடுஞ்சாலையில் யாரும் எந்தக் கணக்கும் போட முடியாது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், போய்ச் சேரும் ஊர்தான் விமான நிலையத்தை முடிவு செய்ய வேண்டும். அத்தைக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். திருச்சி வழியே என்றால்: வீட்டிலிருந்து ஒரு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, பயணம் நாலு மணி, குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி, அங்கிருந்து தஞ்சாவூர் 60 கி.மீ.க்கு ஒன்றரை மணி. மொத்தம் பத்தரை. சென்னை வழியே என்றால் கடைசிப் பகுதி மட்டும் சுமார் 340 கி.மீ., காரில் ஆறு ஏழு மணி. மொத்தம் பதினைந்து பதினாறு ஆகிவிடும். வானத்தில் 60 கி.மீ. கூட, ஐந்து நிமிடம் நஷ்டம். தரையில் ஐந்து மணி நேரம் லாபம். புதுக்கோட்டை, காரைக்குடி பக்கத்து ஆட்களுக்கும் இதே நியாயம். டிக்கெட் இருநூறு ரிங்கிட் குறைவு என்று சென்னைக்குப் போட்டால், அந்த இருநூறும் வாடகைக் காருக்கே போய்விடும், தூக்கம் தனி.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. கோலாலம்பூர் வந்து சென்னை போனால் 325-ம் 2,629-ம் சேர்ந்து 2,954 கி.மீ. நேரே போனால் 2,365. கிட்டத்தட்ட 590 கி.மீ. வீண் அலைச்சல். 2024 டிசம்பரில் பினாங்கு–சென்னை நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து என்னிடம் அங்கிருந்து வரும் கேள்விகளே குறைந்துவிட்டன. மாறித்தான் போக வேண்டும் என்றால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியே வாங்கினால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறும்போது பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். பெட்டியையும் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், முனையம் மாறினால் அதுவும் சேரும். அப்படி வாங்கியே தீர வேண்டுமானால் நடுவே நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

மாமா விஷயத்துக்கு: முதல் நாளே ரயிலில் வந்து எங்கள் வீட்டில் தங்குகிறார். பேரனைப் பார்க்க வேண்டுமாம், அதனால்தான் கோலாலம்பூர் வழி. மறுநாள் மாலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். பத்துக்கு விமானம். அவர் கைக்கடிகாரத்தில் விடியற்காலை இரண்டு மணி ஆகும்போது சென்னையில் இறங்குவார், வெளியே வர மூன்று. சாப்பாட்டை நான் ரத்து செய்யவில்லை.